ஒற்றைக் கம்பியும் ஓராயிரம் ஒலியும்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர், இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் ஓர் ஆற்றைக் காண்பார்கள். அதன் பெயர் கல்லாறு. கரையிலுள்ள ஊரின் பெயரும் அதுவே. பெயருக்கேற்ற ஆறு அது. கோடையில் நீர் சிறிது, கற்களோ பெரியவை. யானைக் குட்டிகள் படுத்துக் கிடப்பதுபோல் உருண்டு திரண்டு கிடக்கும் அக்கற்களின்மேல் மோதி மோதித்தான் நீர் இறங்குகிறது. கற்கள் இல்லையேல் அந்நீருக்கு ஓசை ஏது? தடை இருப்பதால் அன்றோ ஆறு பாடுகிறது!

அந்தக் கல்லாற்றங்கரையில் வளர்ந்தவன் நான். என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர். சென்ற கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பெடல்போர்டு செய்தேன். மின்கித்தார் வாசிப்போர் தம் காலடியில் வைத்துக்கொள்ளும் பலகை அது. ஒலியை உடைக்கும் பெட்டி, வளைக்கும் பெட்டி, சுழற்றும் பெட்டி எனச் சிறு சிறு பெட்டிகளை அதன்மேல் பொருத்தி, ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து, காலால் மிதித்து இயக்குவார்கள். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்க என்னிடம் பணமில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கென்று வீட்டில் எடுத்து வைத்த தொகையில் கை வைக்க மனமும் வரவில்லை. ஆகவே கையால் செய்யத் துணிந்தேன்.

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நல்ல கருவிகள் மட்டும் இருந்தால் நானும் நன்றாக வாசிப்பேன் என்று இரண்டாண்டுகளாக நண்பர்களிடம் சொல்லிவந்தேன். அந்தச் சாக்கை என்னிடமிருந்து பறித்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. பெடல்களின் இணைப்பு முறையைத் தேடப் போய் அவர் வரலாற்றில் வீழ்ந்தேன். அவர்தாம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆயினும் அவர் முகம் அச்சிட்ட பனியனை இன்றும் நம் விடுதியில் சிலர் அணிந்து திரிகிறோம். முகம் தெரிந்த அளவுக்கு வாழ்க்கை தெரியுமா? தெரிந்துகொள்வது நன்று.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் 1942 நவம்பர் 27 அன்று ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை போர்ப்படையில் இருந்தார். போர் முடிந்து திரும்பிய தந்தை, மகனுக்குத் தாய் இட்ட பெயரை மாற்றி ஜேம்ஸ் மார்ஷல் என்று வேறு பெயர் இட்டார். வீட்டில் வறுமை, வறுமையோடு குடி, குடியோடு சண்டை. 1951-இல் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். பின்னே பிறந்த குழந்தைகள் சிலர் வேறு இல்லங்களுக்குப் போயினர். 1958-இல் தாய் இறந்தபோது, ஈமச் சடங்குக்குக்கூட அவர் பெற்ற மக்கள் போகவில்லை.

பள்ளியில் படித்த நாளில் அச்சிறுவன் கையில் எப்போதும் ஒரு துடைப்பம் இருக்குமாம். அதைத்தான் கித்தாராக எண்ணி மீட்டிக்கொண்டிருப்பான். அதைக் கண்டு இரங்கிய பள்ளிச் சமூகப் பணியாளர் ஒருவர், ஏழைச் சிறுவருக்கான நிதியிலிருந்து இவனுக்கு ஒரு கித்தார் வாங்கித் தரலாகாதா என்று எழுதிப் பார்த்தார். பயன் விளையவில்லை. 1957-இல், தந்தையோடு ஒரு வீட்டின் குப்பையை அகற்றப் போன இடத்தில் பழைய உகுலேலே ஒன்று கிடைத்தது. நான்கு கம்பிகள் இருக்கவேண்டிய கருவியில் ஒரே ஒரு கம்பிதான் மிஞ்சியிருந்தது. அந்த ஒற்றைக் கம்பியில், வானொலியில் கேட்ட பாடல்களைக் காதால் தேடித் தேடி வாசித்தான். அடுத்த ஆண்டு 5 டாலருக்கு ஒரு பழைய கித்தார் வந்தது. 1959-இல் தந்தை மின்கித்தார் வாங்கித் தந்தார். சிறுவனோ இடக்கைப் பழக்கமுள்ளவன். வலக்கையர்க்கென்று செய்த கருவியைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசிக்கக் கற்றான். வாசிக்கும் முன்பே கருவியைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் அவனுக்கு வந்தது இப்படித்தான்.

இந்த இடத்தைப் படித்த அன்று என் கித்தாரைப் பார்த்தேன். ஆறு கம்பிகளும் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

பலகை வேலைக்கு வருகிறேன். தச்சுவேலை செய்யும் என் மாமா, கதவு நிலைக்கு அறுத்ததில் மிஞ்சிய பலாச் சட்டங்களைத் தந்தார். தஞ்சையில் வீணை செய்வது பலாமரத்தில்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். கனமான மரம், ஆனால் நம் மழைக்கு எளிதில் இளைக்காத மரம். முதலில் பெட்டிகளைச் செய்தித்தாளின்மேல் பரப்பி, சுற்றிலும் கோடு போட்டேன். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் போதும் என்று தெரிந்தது. சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டோம். கம்பிகள் அதன் வழியே அடியில் இறங்கிவிடும். பின்பக்கம் 3 அங்குலம் உயர்த்தினோம்; அப்போதுதான் பின்வரிசைப் பெட்டியைக் கால் எட்டும். மழைக்காலத்தில் கல்லாற்றில் செம்பும் பித்தளையும் பச்சை பூத்துவிடும். ஆகவே மரத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, இணைப்புமுனைகளைத் துணியால் மூடிவைத்தேன்.

உட்காரும் இடம் ஆயத்தமாயிற்று. அங்கே உட்காரவேண்டிய ஒலிகள் எங்கிருந்து வந்தன?

1961-இல் திருடிய காரில் சென்றதாகப் பிடிபட்ட அவ்விளைஞனுக்கு, சிறைக்கு மாற்றாகப் படையில் சேரும் வழி காட்டப்பட்டது. வான்வழி இறங்கும் படைப்பிரிவில் சேர்ந்தார். தந்தைக்கு எழுதிக் கித்தாரை வரவழைத்துக்கொண்டார். பாசறையில் பில்லி காக்ஸ் என்ற படைவீரர் நண்பரானார். படைத்தொழிலுக்கு ஏற்றவரல்லர் என்று 1962-இல் ஹெண்ட்ரிக்ஸை விடுவித்தார்கள். பிறகு நான்காண்டுகள் ஊர் ஊராகப் பேருந்தில் அலைந்தார். கறுப்பினத்தாருக்கென்று நடந்த அரங்குகளில், ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்டு முதலிய பாடகர்களுக்குப் பின்வரிசையில் நின்று வாசித்தார். உணவு விடுதியிலும் பேருந்திலும் நிறத்தால் மனிதரைப் பிரித்த நாடு அது. பிறப்பால் மனிதரைப் பிரித்த நாட்டில் பிறந்த நமக்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முன்னே நிற்கும் பாடகரைவிடப் பின்னே நிற்பவன் கண்ணைக் கவரலாகாது என்பது அக்குழுக்களின் எழுதாச் சட்டம். இவரோ கண்ணையும் கவர்ந்தார், காதையும் கவர்ந்தார், வேலையையும் இழந்தார்.

1966-இல் நியூயார்க்கின் ஒரு சிற்றுண்டிச் சாலையில் இவர் வாசிப்பதைக் கேட்டார் சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேய இசைஞர். செப்டம்பர் 24 அன்று அவரோடு இலண்டனில் போய் இறங்கினார். அங்கே நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல் என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு மூவர் குழு ஒன்று அமைந்தது. சில திங்களுக்குள் இலண்டனின் பெரிய கித்தார் கலைஞர்கள் எல்லாம் இவர் வாசிப்பதைக் கேட்கக் கூட்டத்தில் வந்து நின்றார்கள்.

அவ்வாறு கேட்க வந்தவர்களுள் ஒருவர் இசைஞர் அல்லர். ரோஜர் மேயர் என்ற இளம் பொறியாளர். ஆங்கிலக் கப்பற்படையின் ஆய்வுத் துறையில் ஒலியையும் அதிர்வையும் ஆராய்வது அவர் தொழில். ஓய்வு நேரத்தில் கித்தார் நண்பர்களுக்காகச் சிறு மின்பெட்டிகள் செய்து தருவது அவர் பொழுதுபோக்கு. 1967 சனவரியில் இருவரும் சந்தித்தனர். மறு திங்களே, பர்ப்பிள் ஹேஸ் என்ற பாடலில் மேயரின் ஆக்டேவியா என்ற பெட்டி ஒலித்தது. கையறிந்தவரும் காதறிந்தவரும் சந்தித்த நட்பு அது.

அப்பெட்டிகளுக்குள் இருப்பது மந்திரமன்று. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஃபஸ் என்பது ஒலியை உடைக்கும் பெட்டி. கித்தார் கம்பியின் அதிர்வு, பொன்முடிபோல் ஏறி இறங்கும் அலையாகக் கம்பி வழியே வருகிறது. டிரான்சிஸ்டர் அதை அளவுக்கு மீறிப் பெருக்கி, முடியைச் சீவித் தட்டையாக்குகிறது. சீவிய விளிம்பிலிருந்து புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இது தோன்றியதே ஒரு கோளாறினால்தான். நாஷ்வில் நகர் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் கருவி பழுதாகி ஒலி கரகரத்தது. எறியவேண்டிய அந்தக் கரகரப்பை மக்கள் விரும்பினர். 1962-இல் அதுவே விற்பனைப் பெட்டியாக வந்தது. ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது, இலண்டன் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டப் பெட்டி.

வா பெடலுக்கு நம் மொழியே விளக்கம் தரும். வா என்று ஒருவரை அழைத்துப் பாருங்கள். உதடு குவிந்து விரிகிறது. குரல் மாறாமலே ஒலியின் நிறம் மாறுகிறது. வாய் செய்யும் அவ்வேலையைக் கால் செய்தால் அதுவே வா பெடல்.

ஆக்டேவியா, அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகிறது. அலைகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறது. கைப்பேசிச் சார்ஜருக்குள் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாகும்போது நடப்பதும் இதே மடிப்புத்தான்.

யூனி-வைப், சப்பானின் ஷின்-எய் நிறுவனம் செய்தது. அதன் நடுவே ஒரு சிறு விளக்கு மங்கி மங்கி ஒளிரும். சுற்றிலும் ஒளியுணரும் நான்கு கண்கள். ஒளி கூடக் குறைய, அவற்றின் மின்தடை மாறும். ஒலி நீரில் அசையும் நிழல்போல் அலையும். விளக்கும் தடையும் சேர்ந்து பாட்டாகும் விந்தை என்னே!

இவற்றை இணைக்கும் வரிசையில்தான் நான் இடறினேன். ஃபஸ் பெட்டியைப் பழைய முறைப்படி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இரண்டை ஈயம் வைத்துப் பற்றி நானே செய்திருந்தேன். மற்றப் பெட்டிகள் போலவே அதற்கும் 9 வோல்ட்தானே என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே மின்கம்பியைச் சங்கிலியாக ஓட்டினேன். அந்தப் பழைய சுற்றில் நேர்முனை பொதுமுனை. மற்றவற்றில் எதிர்முனை பொதுமுனை. இரண்டும் இணைப்புக் கம்பியின் உறை வழியே கைகுலுக்கிக்கொண்டன. என் அடாப்டர் ஒரே நொடியில் மாண்டது. குற்றம் முழுவதும் என்னுடையதே. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி.

பிறகு வேறொன்று கண்டேன். விடியற்காலைக் குளிரில் இனிமையாக உறுமிய ஃபஸ், நண்பகலில் தொண்டை கட்டியதுபோல் ஒலித்தது. பெட்டி பழுதோ என்று பிரித்துப் பார்த்தேன். பழுதில்லை. ஜெர்மேனியம் வெப்பத்துக்கு இளகும் இயல்புடையது. பறையைத் தீயில் காய்ச்சி வாசிக்கிறார்கள் நம்மவர். இங்கோ வெப்பத்துக்கு அஞ்சிக் குளிரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதும் இல்லை. பலவற்றைப் பொறுக்கிச் சோதித்துத்தான் நல்லதைத் தேர வேண்டும். அப்பெட்டிகளைப் பிரித்து மாற்றியமைத்துத் தர மேயர் போன்ற ஒருவர் ஹெண்ட்ரிக்ஸுக்கு ஏன் வேண்டியிருந்தார் என்பது அப்போது விளங்கிற்று.

வா முன்னா, ஃபஸ் முன்னா என்ற ஐயமும் இருந்தது. ஃபஸ்ஸை முன்னே வைத்தால், உடைந்த ஒலி முழுவதையும் வா அகலமாக வாரிச் சுழற்றும். வாவை முன்னே வைத்தால், வா தேர்ந்தெடுத்த ஒலியை ஃபஸ் உடைக்கும். பேச்சுக் குரலுக்கு அது நெருங்கி வரும். ஹெண்ட்ரிக்ஸ் வாவை முன்னே வைத்தார். பேசும் கித்தார் அவருடையது அன்றோ!

ஆனால் அவருடைய பெடல்போர்டு எப்படி இருந்தது என்று தேடியபோது எனக்கு வியப்புக் காத்திருந்தது. அப்படி ஒன்று அவருக்கு இல்லவே இல்லை! பெட்டிகள் மேடைத் தரையில் அப்படியே கிடந்தன. கம்பிகள் பாம்புகள்போல் நெளிந்து கிடந்தன. பெட்டிகளை ஒரே பலகையில் அடக்கிச் செய்துதரும் தொழில் 1970-களில்தான் வளர்ந்தது. நான் 24 அங்குலப் பலகைக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். அவரோ வெறுந்தரையில் நின்று உலகை அசைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1968 பிப்ரவரியில் அவர் சியாட்டிலுக்குத் திரும்பினார். தந்தையும் உறவினரும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டனர். மறுநாள், படிப்பை முடிக்காமல் தாம் விட்டுப்போன பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். கையில் கித்தார் இல்லை. மாணவர் முன்னே நின்றவருக்குப் பேச்சு வரவில்லை. ஏதோ சில சொற்களோடு முடித்துக்கொண்டார். பல்லாயிரவர் முன்னே அஞ்சாதவர், பள்ளிக்கூடத்தில் நாணி நின்றார். அவர் பேசும் மொழி வேறு.

அம்மொழியில் அவர் பேசிய பெரும்பேச்சு 1969 ஆகஸ்ட் 18 காலையில் நிகழ்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவின் இறுதி நிகழ்ச்சி அது. ஞாயிறு இரவு நடக்கவேண்டியது திங்கள் காலைக்குத் தள்ளிப்போயிற்று. மழையிலும் சேற்றிலும் களைத்த மக்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டனர். எஞ்சியோர் முன்னே, பழைய படைத்தோழர் பில்லி காக்ஸ் துணை நிற்க, தம் நாட்டுப்பண்ணை வாசித்தார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம். பண்ணின் இடையே குண்டு விழும் ஓசை எழுந்தது. அபாயச் சங்கு ஊதிற்று. மனிதர் அலறுவதுபோல் கம்பி அலறிற்று. ஒரு சொல்லும் பாடவில்லை. ஒருகாலத்தில் படைவீரராயிருந்தவர், மூன்று பெட்டிகளையும் பத்து விரல்களையும் கொண்டு, தம் நாடு செய்துவருவதைத் தம் நாட்டின் பண்ணிலேயே கேட்கச் செய்தார்.

நண்பர்களே, தடைதான் ஓசையைத் தருகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். எல்லாத் தடையும் அப்படியன்று. ஆளை விழுங்கும் சுழிகளும் கல்லாற்றில் உண்டு. 1965-இல், புகழ் வருமுன், 1 டாலர் முன்பணத்துக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார் ஹெண்ட்ரிக்ஸ். விற்பனையில் அவருக்கு நூற்றுக்கு ஒன்று. புகழ் வந்தபின் அந்தத் தாள் வழக்காக வந்தது. 1970-இல் வெளியான ஓர் இசைத்தட்டையே அவ்வழக்கைத் தீர்க்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாளை வேலைக்கும் கலைக்கும் கையொப்பமிடப் போகும் நாம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது.

1970 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கில் அவருடைய சொந்த ஒலிப்பதிவுக் கூடம் திறக்கப்பட்டது. துடைப்பத்தில் வாசித்த சிறுவனுக்குத் தன் ஒலிக்கென்று ஒரு வீடு! அதில் அவர் நிலைத்து வாழக் கொடுத்துவைக்கவில்லை. செப்டம்பர் 18 அன்று இலண்டனில், தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டு, மயக்கத்தில் மூச்சடைத்து இறந்தார். வயது 27. மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை, எவ்விடத்தில் வேண்டும் என்று நுணுகி அறிந்தவர், தமக்கு ஒரு தடை போட்டுக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. இறப்பை அழகுபடுத்திப் பேசுவோர் உண்டு. அதில் அழகு ஒன்றுமில்லை. வாசிக்கப்படாத பாட்டுகள்தாம் உண்டு. சியாட்டிலுக்கு அருகே ரெண்டன் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கமாயிற்று. விருப்பமுறி எழுதாமல் போனதால் உரிமைகள் பலர் கைகளில் சிக்கின. 1995-இல்தான் முதிய தந்தை அவற்றை மீட்டார்.

என் பலகை முடிந்த மாலை மலைமேல் இடி இடித்தது. மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி ஊமை, பெட்டிகள் ஊமை. இரண்டாண்டாகச் சொல்லிவந்த சாக்கு எதுவும் இனி என்னிடம் இல்லை. கித்தாரின் ஒரு கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு, நெடுநேரம் வாசித்தேன். காதருகே கொண்டுவந்தால்தான் கேட்கும் சிற்றொலி. ஒவ்வொரு சுரத்தையும் தேடித் தேடித்தான் கண்டேன். பிழை பல. ஆயினும், நான் முதன்முதலாக வாசித்தது அன்றுதான் என்று சொல்வேன். கீழே ஆறு கற்களில் மோதிக்கொண்டிருந்தது.

நம் மன்றத்தின் அடுத்த விழாவுக்கு அந்தப் பலாப்பலகையைக் கொண்டுவருகிறேன். யார் வேண்டுமானாலும் மிதித்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஒற்றைக் கம்பியில் ஒரு பாட்டேனும் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். நானும் அவ்வாறே வருகிறேன்.